யார் ஊர்? யார் ஆட்சி?

பழந்தமிழ்ச் சிற்றூர் என்றதும் நம் வரலாற்றுப் புலவர்களுக்கு உள்ளம் உருகுகிறது, உரை பெருகுகிறது. ஏரி நிறைந்திருந்தது, களஞ்சியம் வழிந்தது, அவை கூடிற்று, குடவோலை எடுக்கப்பட்டது, அறம் தழைத்தது, குறையொன்றும் இல்லை என்று அடுக்கிக்கொண்டே போகிறார்கள். கோயில் வரலாற்று நூலைப் புரட்டினாலும் இதே ஓவியம். பள்ளிப் பாடநூலைத் திறந்தாலும் இதே ஓவியம். விழா மேடையில் ஏறுவோர் நாவிலும் இதே ஓவியம். ஓவியம் அழகானதுதான். ஆனால், அந்த ஓவியத்தில் ஏர் பிடித்தவன் எங்கே நிற்கிறான்? ஏரியில் மண் சுமந்தவள் எங்கே நிற்கிறாள்? தறியில் குனிந்தவன் எங்கே? கேட்டுப் பாருங்கள், விடை வராது. அவர்களுக்கெல்லாம் சட்டத்துக்கு வெளியேதான் இடம்!

பழமையைப் பழிப்பது நம் நோக்கமன்று. பழமையைப் படிப்பது நம் நோக்கம். படிப்பது வேறு, பஜனை பாடுவது வேறு. கல்லிலும் செம்பிலும் எழுதப்பட்டதை எழுதியபடியே படித்து, எழுதாமல் விடப்பட்டதையும் எண்ணிப் பார்ப்பதுதான் திறனாய்வு. அத்தகைய திறனாய்வுக்கு ஏற்ற களமாகப் புதுவை மாநிலத்தின் நாட்டுப்புறத்தை, வில்லியனூர், பாகூர் கொம்யூன்களையும் அவற்றை அடுத்த ஊர்களையும் நாம் எடுத்துக்கொள்கிறோம். செப்பேடும் கல்வெட்டும் நெல்வயலும் நெசவும் ஒருங்கே வாய்த்த வட்டாரம் அது.

செப்பேடு பேசுகிறது

பாகூர்ச் செப்பேடு அறிஞர் உலகம் அறிந்த ஒன்று. 1879-இல் கண்டெடுக்கப்பட்டு, பாரிசு நகரத் தேசிய நூலகத்துக்குப் போய்ச் சேர்ந்தது. பல்லவ மன்னன் நிருபதுங்கவர்மனின் எட்டாம் ஆட்சியாண்டு, அதாவது 9-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதி, அதன் காலம். வாகூரில் இருந்த வித்தியாத்தானத்துக்கு, அதாவது வடமொழிக் கல்லூரிக்கு, மூன்று ஊர்கள் வழங்கப்பட்ட செய்தியை அது கூறுகிறது. சேட்டுப்பாக்கம், விளங்காட்டங்கடுவனூர், இறைப்புணைச்சேரி என்பன அவ்வூர்கள்.

இதைப் படிக்கும் புலவர், “ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே பாகூரில் கல்லூரி!” என்று களிப்படைகிறார். நாமும் களிப்படைவோம், ஐயமில்லை. ஆனால் களிப்புக்குப் பிறகு ஒரு கேள்வியும் கேட்போம். மூன்று ஊர்களின் விளைச்சல் அந்தக் கல்லூரிக்குச் சென்றது. விளைவித்தவன் பிள்ளை அந்தக் கல்லூரிக்குள் சென்றானா?

ஏட்டின் அமைப்பையே பாருங்கள். கடவுள் வாழ்த்தும், மன்னர் மரபின் பெருமையும், கொடைக்கு வேண்டுகோள் விடுத்த தலைவனின் புகழும் வடமொழிச் செய்யுளில் வருகின்றன. எந்த ஊர், எதுவரை நிலம், எவ்வெல்லை என்னும் செய்தி தமிழில் வருகிறது. புகழ்ச்சிக்கு வடமொழி, எல்லைக்கல்லுக்குத் தமிழ்! நிலத்தை அளந்தவனுக்கும் உழுதவனுக்கும் விளங்க வேண்டிய பகுதி தமிழில் இருக்க வேண்டியதாயிற்று. ஏனெனில் அவனுக்கு அது கட்டளை. அவனுக்கு விளங்க வேண்டாத பகுதி வடமொழியில் இருந்தது. ஏனெனில் அதனால் அவனுக்கு ஆவது ஒன்றுமில்லை. ஒரே ஏட்டிற்குள் இரண்டு மொழி, இரண்டு மக்கள், இரண்டு நீதி. இதைச் சுட்டிக்காட்டாத ஆராய்ச்சி, ஏட்டின் எழுத்தைப் படித்ததேயன்றி ஏட்டைப் படித்ததாகாது.

பாகூரோடு நின்றதா? வில்லியனூரை அடுத்து, மண்ணாடிப்பட்டுக் கொம்யூனில் திரிபுவனை இருக்கிறது. அங்குள்ள பெருமாள் கோயிலில் இராசாதிராச சோழன் காலத்து, 1048-ஆம் ஆண்டுக் கல்வெட்டு ஒன்று உண்டு. 260 மாணவர்க்கும் 12 ஆசிரியர்க்கும் நெல் அளந்து நடத்தப்பட்ட கல்லூரியை அது பேசுகிறது. அங்கே கற்பிக்கப்பட்டவை எவை? வேதங்கள், வடமொழி இலக்கணம், வேதாந்தம், பாரதம், இராமாயணம். அவற்றோடு மனு சாத்திரம்! நாட்டுப்புறத்து உழவன் அறுத்துக் கொட்டிய நெல்லைத் தின்று, அந்த உழவன் தாழ்ந்தவன் என்று சொல்லும் நூலை மனப்பாடம் செய்தார்கள். இதைக் கல்வி வளர்ச்சி என்று மட்டும் எழுதிவிட்டுப் போவது எத்தகைய வரலாறு?

சலுகையைப் படித்தால் குறை தெரியும்

அன்றாட வாழ்வைப் பற்றி இக்கல்வெட்டுகள் நேராகச் சொல்வது குறைவு. ஆனால் வரி விலக்குகளும் சலுகைகளும் தரும் பட்டியலை உற்றுப் பார்த்தால், ஊரின் முழு வாழ்வும் கண்முன் எழுந்து நிற்கும். பல்லவர் கால ஆவணங்களில் குயவர்மீது குசக்காணம், கள் இறக்குவோர்மீது ஈழப்பூட்சி, வண்ணார் துணி துவைக்கும் கல்லின்மீது வண்ணாரப்பாறை, நெசவாளர்மீது தறியிறை, இடைநின்று விற்போர்மீது தரகு என வரிசையாக வருகின்றன. சோழர் காலத்திலோ ‘வெட்டி’ என்னும் சொல் மீண்டும் மீண்டும் வருகிறது. கூலியின்றிச் செய்யவேண்டிய வேலை அது. இன்றும் பயனற்ற உழைப்பை நாம் ‘வெட்டி வேலை’ என்கிறோம். அச்சொல்லுக்குள் நம் முன்னோரின் முதுகு வலி உறைந்திருக்கிறது.

கல்லின்மீதும் வரி, தறியின்மீதும் வரி, சூளையின்மீதும் வரி! வரி கட்டியவர் பெயர் கல்லில் இல்லை. வரியின் பெயர்தான் இருக்கிறது.

இனிச் சலுகைகளைப் பாருங்கள். பார்ப்பனர்க்கு ஊர் வழங்கும் ஆவணங்கள் பலவற்றில், சுட்ட செங்கல்லால் மாட மாளிகை கட்டிக்கொள்ளலாம், செங்கழுநீர் நட்டுக்கொள்ளலாம், அவர்களுடைய தென்னையிலும் பனையிலும் ஈழவர் ஏறக்கூடாது என்பன போன்ற உரிமைகள் எழுதப்பட்டுள்ளன. புலவர்கள் இவற்றைச் ‘சிறப்புரிமைகள்’ என்று பெயரிட்டுக் கடந்து போய்விடுகிறார்கள். சற்றே நின்று எண்ணுங்கள். செங்கல்லால் வீடு கட்டிக்கொள்ளலாம் என்று ஒருவனுக்குச் செம்பில் எழுதித் தரவேண்டியிருந்தது என்றால், மற்றவன் அவ்வாறு கட்டிக்கொள்ள முடியாத நிலை இருந்தது என்பதுதானே பொருள்? ஒரு சாரார்க்குச் சலுகை என்று எழுதிய ஒவ்வொரு வரியும் மறுசாரார்க்குத் தடை என்று எழுதிய வரியே. மண் சுவரும் ஓலைக் கூரையும் ஏழைமையின் விளைவு மட்டுமல்ல. ஏட்டில் எழுதிவைத்த ஏற்பாடு!

தஞ்சைப் பெரிய கோயிலுக்கு இராசராசன் விட்ட ஊர்களின் கல்வெட்டுகள் இன்னும் தெளிவாகப் பேசுகின்றன. வரியில்லா நிலங்களைக் கழிக்கும்போது, ஊர்நத்தம், குளம், வாய்க்கால் என்று சொல்லிவந்து, பறைச்சேரி, கம்மாணச்சேரி, ஈழச்சேரி, வண்ணாரச்சேரி, தீண்டாச்சேரி என்று தனித்தனியே குறிக்கின்றன. வெள்ளான் சுடுகாடு ஒன்று. பறைச் சுடுகாடு மற்றொன்று. வாழும்போது ஒன்றாக வாழவில்லை. சரி, செத்த பிறகாவது ஒன்றாக எரிந்தார்களா? இல்லை! பொற்காலத்திலே சாம்பலுக்கும் சாதி இருந்தது.

குடவோலையின் குடத்துக்குள்

இப்போது எல்லாரும் எடுத்துக்காட்டும் உத்தரமேரூருக்கு வருவோம். முதலாம் பராந்தகன் காலத்தில், 919-இலும் 921-இலும் பொறிக்கப்பட்ட கல்வெட்டுகள் அவை. ஊர் முப்பது குடும்புகளாகப் பிரிக்கப்பட்டது. தகுதியுடையோர் பெயரை ஓலையில் எழுதிக் குடத்தில் இட்டு, சிறுவன் ஒருவனைக் கொண்டு எடுத்தனர். ஆட்டை வாரியம் பன்னிருவர், தோட்ட வாரியம் பன்னிருவர், ஏரி வாரியம் அறுவர், பொன் வாரியம் அறுவர், பஞ்சவார வாரியம் அறுவர் என அமைத்தனர். முந்தைய மூன்றாண்டில் வாரியம் செய்தவன் மீண்டும் வரக்கூடாது. கணக்குக் காட்டாதவன் வரக்கூடாது. அவன் நெருங்கிய உறவினரும் வரக்கூடாது.

இவற்றை நாம் மனமாரப் பாராட்டுகிறோம். பதவியில் ஒட்டிக்கொள்ளும் பல்லி வேலைக்கு இடமில்லை. கணக்கை விழுங்கியவன் மைத்துனனை நிறுத்தி வெல்வதற்கும் வழியில்லை. பத்தாம் நூற்றாண்டில் இதை எண்ணி, எழுதி, கல்லில் வெட்டி, கண்ணுக்கெதிரே நிறுத்தினார்களே, அது பெரிய செயல். பெருமையைப் பெருமை என்று சொல்ல நமக்குத் தயக்கமில்லை.

ஆனால் குடத்துக்குள் விழுந்த ஓலைகளில் யார் பெயர் இருந்தது? கால் வேலிக்கு மேல் வரி செலுத்தும் நிலம் வேண்டும். சொந்த மனையில் வீடு வேண்டும். முப்பத்தைந்து வயது நிறைந்து எழுபதைத் தாண்டாதிருக்க வேண்டும். மந்திர பிராமணம் கற்றிருக்க வேண்டும். நிலம் அரைக்கால் வேலியே இருந்தாலும் சரி, ஒரு வேதமும் ஓர் உரையும் கற்றுச் சொல்ல வல்லவன் என்றால் போதும்! நிலம் குறைந்தால் வேதம் ஈடு செய்யும். வேதம் இல்லையென்றால் எது ஈடு செய்யும்? ஒன்றுமில்லை. உழைப்பு ஈடு செய்யாது. அறிவு ஈடு செய்யாது. ஏரிக்கரையை எத்தனை முறை தூக்கிக் கட்டினாலும் அது ஈடு செய்யாது. வேதம் ஓதும் உரிமையைப் பெண்ணுக்கும் பாட்டாளிக்கும் மறுத்துவிட்டு, வேதம் ஓதியவன் வரலாம் என்று விதி செய்தால், அந்த விதிக்குத் தேர்தல் விதி என்று பெயரா, தீண்டாமை விதி என்று பெயரா?

சதுர்வேதிமங்கலத்துச் சபையின் விதியை எடுத்து, அதைத் தமிழகம் முழுவதற்கும் போர்த்திவிடுவது மற்றொரு பிழை. சபை என்பது பார்ப்பன ஊரின் அவை. ஊர் என்பது மற்றை உழவூர்களின் அவை. நகரம் என்பது வணிகர் அவை. இவை வேறு வேறு. சோழர் கால ஊர்களை ஆராய்ந்த சப்பானிய அறிஞர் நொபுரு கராசிமா, திருச்சிப் பகுதியில் ஈசானமங்கலத்தையும் அல்லூரையும் ஒப்பிட்டு, பார்ப்பன ஊரில் நிலம் தனியார் உடைமையாகவும், அதை உழுதோர் வேறாகவும் இருந்ததையும், உழவூரில் நிலம் கூட்டுடைமையாக இருந்ததற்கான அடையாளங்களையும் எடுத்துக்காட்டினார். அந்த வேறுபாட்டை நம் புகழ்ச்சியாளர்கள் கண்டுகொள்வதேயில்லை. உழவூரின் ஊரவையும் நிலமுடையோர் அவைதான் என்பதையும் மறைக்க வேண்டியதில்லை. சேரிக்கு அங்கும் நாற்காலி இல்லை.

சிற்றூரைக் குடியரசு என்று முதலில் புகழ்ந்து பரப்பியவர் யார்? நம்மவர் அல்லர். 1830-இல் சார்லசு மெட்காஃப் என்னும் ஆங்கில அதிகாரி எழுதிய குறிப்புத்தான் அப்புகழ்ச்சியின் ஊற்று. வரி தண்டுவதற்கு வந்தவர்கள் சிற்றூரைக் குடியரசு என்றார்கள். அதை நம்மவர் தேசியம் என்று சொல்லித் தலைமேல் தூக்கிவைத்துக்கொண்டனர். 1948 நவம்பர் 4-ஆம் நாள் அரசமைப்பு அவையில் அண்ணல் அம்பேத்கர் இக்கூற்றை எடுத்துக்கொண்டு, குறுகிய மனப்பான்மையும் அறியாமையும் வகுப்பு வெறியும் மண்டிய இடமே சிற்றூர் என்று இடித்துரைத்தார். சிற்றூரை அலகாகக் கொள்ளாமல், தனி மனிதனை அலகாகக் கொண்டது அரசமைப்பு என்று மகிழ்ந்தார். சேரியிலிருந்து பார்த்தவருக்கு ஊர் தெளிவாகத் தெரிந்தது; அக்கிரகாரத் திண்ணையிலிருந்து பார்த்தவருக்குக் குடம் மட்டும் தெரிந்தது!

கடலுக்கு அப்பால் ஒரு கண்ணாடி

நம் ஊரை அறிய மற்றவர் ஊரையும் பார்க்க வேண்டும். ஆப்பிரிக்கா என்றதும் காடு, கூத்து, காட்டுமிராண்டி என்று எண்ணுமாறு வெள்ளையர் எழுதிய நூல்கள் நம்மையும் பழக்கிவிட்டன. மெய் வேறு.

மேற்கு ஆப்பிரிக்காவில், மாலி நாட்டில், நைசர் ஆற்றுச் சமவெளியில் சென்னே-செனோ என்னும் பழம்பதி உண்டு. மெக்கின்டாசு இணையர் 1977-இலும் 1981-இலும் அங்கே அகழ்ந்தனர். கி.மு. மூன்றாம் நூற்றாண்டளவில் குடியேறிய மக்கள் கி.பி. 1400 வரை அங்கே வாழ்ந்திருக்கிறார்கள். நெல் விளைத்தார்கள், அந்நாட்டுக்கே உரிய ஆப்பிரிக்க நெல். மீன் பிடித்தார்கள், மாடு வளர்த்தார்கள், இரும்பு உருக்கினார்கள். வெள்ளச் சமவெளியில் கல்லும் இல்லை, இரும்புக் கனியும் இல்லை. இரண்டையும் வெளியிலிருந்து கொண்டுவந்தார்கள். கொல்லர், குயவர், மீனவர் எனத் தொழிற்குழுவினர் அடுத்தடுத்த மேடுகளில் குடியிருந்தனர். இத்தனை பெரிய ஊரில் அரண்மனை கிடைக்கவில்லை, அரசர் கல்லறை கிடைக்கவில்லை, பெருங்கோயிலும் கிடைக்கவில்லை. ஒருவர் தலைமேல் ஒருவர் ஏறி நிற்காமலே பெரிய ஊர் அமையக்கூடும் என்னும் கருத்தை ஆய்வாளர் அங்கிருந்து பெற்றனர்.

கிழக்கு நைசீரியாவில் இக்போ மக்கள். பாகூர்ச் செப்பேடு எழுதப்பட்ட அதே 9-ஆம் நூற்றாண்டை ஒட்டி, இக்போ-உக்வு என்னும் ஊரில் வியக்கத்தக்க வெண்கல வார்ப்புகளைச் செய்தார்கள். 1938-இல் ஒருவர் தம் வீட்டு வளவில் நீர்த்தொட்டி தோண்டியபோது அவை தலைகாட்டின. 1959 முதல் தர்சுடன் சா அங்கே முறையாக அகழ்ந்தார். ஒன்றரை இலட்சத்துக்கும் மேற்பட்ட மணிகள் கிடைத்தன. அவற்றுள் பல தொலைநாட்டிலிருந்து வந்தவை என்பது அறிஞர் கருத்து. நம் அரியாங்குப்பத்து ஆற்றங்கரையில் அரிக்கமேட்டில் மணி செய்து கடல் கடந்து விற்ற நமக்கு, மணியின் பயணம் புதிதன்று.

பிற்கால இக்போ ஊர்களைப் பற்றி நாம் அறிவது: பெரும்பாலான ஊர்களில் மன்னன் இல்லை. வயது வந்த ஆடவர் கூடிப் பேசி முடிவு செய்தனர். ஒத்த வயதினர் ஓரணியாகி வழி செப்பனிடல், காவல் போன்ற பொதுவேலை செய்தனர். பெண்டிர்க்கும் தனி அவை இருந்தது. தலைவனில்லாத ஊரைக் கண்டு திகைத்த ஆங்கிலேயர், தாமே ஆள் பிடித்துத் தலைவர் என்று பட்டயம் கொடுத்தனர். 1929-இல், பெண்களுக்கும் வரி வரும் என்ற செய்தி பரவியதும், ஆயிரக்கணக்கான பெண்கள் அந்தப் பட்டயத் தலைவர்களை எதிர்த்துத் திரண்டெழுந்தனர். ஐம்பதுக்கும் மேற்பட்டோர் சுட்டுக் கொல்லப்பட்டனர். அவை பழகிய பெண்கள், ஆதலால் அஞ்சவில்லை!

அப்படியானால் ஆப்பிரிக்கச் சிற்றூர்தான் பொற்காலமா? அதையும் நாம் சொல்லமாட்டோம். பிற்கால வழக்கத்தைப் பண்டைக் காலத்தின்மேல் அப்படியே ஏற்றுவது ஆராய்ச்சியாகாது. இக்போ-உக்வுக் கல்லறை ஒன்றில், பெருமகன் ஒருவன் அமர்ந்த நிலையில் புதைக்கப்பட்டான். அவனோடு ஐவரேனும் சேர்த்துப் புதைக்கப்பட்டனர். இக்போ மக்களிடையே ‘ஓசு’ என்றொரு பிரிவும் இருந்தது. தெய்வத்துக்கு நேர்ந்துவிடப்பட்டவர் வழிவந்தோர். அவர்களோடு மணவுறவு கூடாது. அவர்கள் குடியிருப்பும் தனி. 1956-இல் கிழக்கு நைசீரியச் சட்டமன்றம் அம்முறையைச் சட்டத்தால் ஒழித்தது. சட்டம் ஒழித்தும் உள்ளம் ஒழிக்காததை, 1960-இல் வெளிவந்த ‘நோ லாங்கர் அட் ஈசு’ என்னும் புதினத்தில் சினுவா அச்சிபி காட்டினார். படித்துப் பதவி பெற்ற இளைஞன் ஓசுப் பெண்ணை மணக்க எண்ணுகிறான், குடும்பமும் ஊரும் குறுக்கே நிற்கின்றன.

இதைப் படிக்கும்போது நமக்கு எது நினைவுக்கு வருகிறது? கோயிலுக்குப் பெண்ணைப் பொட்டுக் கட்டி விட்ட கொடுமை வருகிறது. முத்துலட்சுமி அம்மையாரும் சுயமரியாதை இயக்கத்தாரும் போராடியதன் பின்னர், 1947-இல் சென்னை மாகாணம் அதைச் சட்டத்தால் நிறுத்தியது. கண்டங்கள் வேறு, கடவுளர் வேறு, நிறம்கூட வேறென்று சொல்லுங்கள்; கடவுள் பெயரால் மனிதனைக் கட்டிப்போடும் கயிறு மட்டும் ஒன்றே. அச்சிபி தம் மக்களின் பெருமையையும் எழுதினார், சிறுமையையும் எழுதினார். தம் இனத்தை நேசித்தவர் அவர், ஆதலால்தான் மறைக்கவில்லை. நம் வரலாற்று எழுத்தாளரிடம் நாம் வேண்டுவது இந்த நேர்மையைத்தான்.

நீலத்துணியும் கூலிக்கப்பலும்

புதுவை நாட்டுப்புறத்துக்கும் ஆப்பிரிக்காவுக்கும் உள்ள உறவு, ஒப்புமை மட்டும் அன்று. பிரெஞ்சு ஆட்சியில் நம் நெசவாளர் நெய்து, நீலச் சாயம் ஏற்றிய துணி ‘கினீ’ என்ற பெயரில் செனகல் நாட்டுக்குச் சென்றது. செனகல் ஆற்றங்கரையில் வேலம்பிசின் வாங்குவதற்கு அத்துணியே பணமாக வழங்கிற்று. நம்மூர்த் தறியில் ஓடிய நூல் ஆப்பிரிக்கச் சந்தையில் நாணயமாயிற்று! நாணயம் செய்தவன் வீட்டில் நாணயம் இருந்ததா என்று எந்த நூலும் கேட்கவில்லை.

துணி போன கப்பலில் மனிதரும் போனார்கள். பதினெட்டாம் நூற்றாண்டிலேயே புதுவைத் துறையிலிருந்து மொரீசியசு, ரெயூனியன் தீவுகளுக்கு அடிமைகள் அனுப்பப்பட்டனர். அடிமைமுறை ஒழிந்த பின் ஒப்பந்தக் கூலிகள் போயினர். 1853-இல் ‘ஒரேலி’ என்னும் கப்பல் மர்த்தினிக்குத் தீவில் நம் மக்களை இறக்கிற்று. ஆப்பிரிக்க அடிமை விட்டுச்சென்ற கரும்புக் காட்டில் தமிழ்க் கூலி போய்க் குனிந்தான்.

கிராமக் குடியரசைப் பாடுவோரை ஒன்று கேட்கிறோம். ஊர் அத்தனை இனிமையானது என்றால், அவையும் அறமும் அத்தனை செழிப்பானவை என்றால், பெயர் தெரியாத தீவுக்கு, திரும்புவோம் என்ற உறுதியில்லாத பயணத்துக்கு, மக்கள் ஏன் கப்பல் ஏறினர்? பஞ்சமும் தரகர் சூழ்ச்சியும் காரணம் என்பீர்கள். மெய்தான். ஆனால் பஞ்சம் வந்தபோது ஊர்க் களஞ்சியம் யாருக்குத் திறந்தது? தரகன் வந்தபோது ஊரவை யாரைக் காத்தது? நிலமற்றவன் போனான், நிலமுடையவன் இருந்தான். ஊரின் உண்மை நிலைக்கு இதைவிடப் பெரிய கல்வெட்டு எது?

கொம்யூன் வந்தது, குடம் எங்கே?

1880-ஆம் ஆண்டு மார்ச் 12-ஆம் நாளைய ஆணையால் பிரெஞ்சிந்தியாவில் பத்துக் கொம்யூன்கள் அமைந்தன. புதுச்சேரி, உழவர்கரை, வில்லியனூர், பாகூர் ஆகிய நான்கும் அவற்றுள் அடங்கும். பிரான்சில் வழங்கிய விடுதலை, சமத்துவம், உடன்பிறப்பு என்னும் சொற்கள் இங்கேயும் முத்திரையில் வந்தன. ஆனால் வாக்காளர் பட்டியலை ஐரோப்பியர்க்கு ஒன்று, இந்தியர்க்கு ஒன்று என்று பிரித்தே வைத்தனர். சாதி வழக்கைத் துறந்து பிரெஞ்சுச் சட்டத்தை ஏற்க 1881-இல் வழி திறந்தபோது, பொன்னுத்தம்பி போன்றோர் துணிந்து துறந்தனர். சாதியைக் காக்கவென்றே ஒரு கட்சி எதிர்த்து நின்று வென்றது. அயலான் கதவைத் திறந்தான். நம்மவன் தாழ்ப்பாள் போட்டான்.

1954 அக்டோபர் 18-இல், வில்லியனூர்ப் பகுதியைச் சேர்ந்த கீழூரில், மக்கள் பேராளர்களாகிய 178 பேர் கூடி வாக்களித்தனர். 170 பேர் இந்தியாவோடு இணைய இசைந்தனர்; எண்மர் மறுத்தனர். நவம்பர் 1-இல் ஆட்சி கைமாறியது. சின்னஞ்சிறு சிற்றூர் ஒன்றில் ஒரு நாட்டின் வழி முடிவாயிற்று என்பது கீழூருக்கு நிலைத்த புகழ்.

ஆனால் அதன்பின் ஊராட்சிக்கு என்ன நேர்ந்தது? 1968-இல் உள்ளாட்சித் தேர்தல் நடந்தது. அடுத்த தேர்தல் எப்போது? 2006-இல்! இடையே முப்பத்தெட்டு ஆண்டுகள். உத்தரமேரூரில் மூன்றாண்டு கழித்தே மீண்டும் வரலாம் என்று விதித்தனர். இங்கே ஒரு தலைமுறை கழிந்தும் யாரும் வரவில்லை. 1993-இல் நடைமுறைக்கு வந்த அரசமைப்புத் திருத்தம் ஐந்தாண்டுக்கு ஒருமுறை தேர்தல் வேண்டும் என்றது. மகளிர்க்கு மூன்றில் ஒரு பங்கும், தாழ்த்தப்பட்டோர்க்கு மக்கள்தொகைக்கேற்ற இடமும் வேண்டும் என்றது. 2006-இல் தேர்ந்தெடுக்கப்பட்டோரின் காலம் 2011-இல் முடிந்தது. அதன்பின் பத்தாண்டு கடந்தும் தேர்தல் நடக்கவில்லை. 2021-இல் அறிவிப்பு வந்தது, நின்றது. பத்துக் கொம்யூன் பஞ்சாயத்துகளும் தொண்ணூற்றெட்டுக் கிராமப் பஞ்சாயத்துகளும் மக்கள் தேர்ந்தெடுத்த அவையின்றி அதிகாரிகள் கையில் கிடந்த ஆண்டுகள் அவை.

இதன் பொருள் என்ன? வரலாற்றிலேயே முதல் முறையாக, கால் வேலி நிலமும் வேதமும் கேட்காத குடம் ஒன்றைச் சட்டம் செய்துவைத்தது. பாகூர் வயலில் நாற்று நடும் பெண்ணும், வில்லியனூர்ச் சேரியில் பிறந்த இளைஞனும் தம் பெயரை அதில் இடலாம். அந்தக் குடத்தைத்தான் மூலையில் கவிழ்த்துவைத்தார்கள்! 2020 டிசம்பரில் புது நாடாளுமன்றக் கட்டடத்துக்கு அடிக்கல் நாட்டிய விழாவில் உத்தரமேரூரைப் புகழ்ந்து பேசினார்கள். ஆயிரம் ஆண்டுக்கு முந்திய குடத்துக்குப் பூமாலை. கையிலிருக்கும் குடத்துக்குப் பூட்டு. பழமைப் புகழ்ச்சி எதற்குப் பயன்படுகிறது என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்ட இயலாது.

எடுப்பதும் விடுப்பதும்

ஆகவே தோழர்களே, பழைய ஊராட்சியை எடைபோட நமக்கு இரண்டு தட்டு வேண்டும். பதவிச் சுழற்சி, கணக்கின் கட்டாயம், தவறியவனை விலக்கும் துணிவு, முடிவைக் கல்லில் வெட்டி ஊரார் பார்வைக்கு வைக்கும் ஒழுங்கு, ஏரிக்கெனத் தனி வாரியம் அமைத்த அறிவு ஆகியவை எடுக்க வேண்டியவை. சொர்ணாவூர் அணைக்கட்டிலிருந்து பங்காரு வாய்க்கால் வழியாகப் பெண்ணையாற்று நீர் பெறும் பாகூர் ஏரிக்கு அத்தகைய வாரியம் இன்றும் பொருந்தும். அதில் பாசனம் பெறும் சிறு உழவனும் கூலிப் பெண்ணும் அமரவேண்டும் என்பதே நம் திருத்தம். சேரியை ஒதுக்கிய எல்லை, பெண்ணை விலக்கிய விதி, வேதத்தைத் தகுதியாக்கிய சூழ்ச்சி, உழைத்தவன் பெயரை அழித்த மௌனம் ஆகியவை விடுக்க வேண்டியவை.

வரலாற்று நூல் எழுதுவோர்க்கு ஒன்று சொல்வோம். பாகூர் குப்புசாமி என்னும் பாகூர்க்காரர் புதுவைப் பகுதிக் கல்வெட்டுகளைத் தேடித் தொகுத்தார். 2006-இல் அவை நூலாக வெளிவந்தன. பல்கலைக்கழகப் பீடத்தில் அமர்ந்தவர்க்கே வரலாறு உரியதன்று என்பதற்கு அவர் சான்று. கருவி கையில் இருக்கிறது. இனி வேண்டுவது கண். மன்னன் பெயரைத் தேடும் கண் போதாது. வண்ணாரப்பாறையில் துணி அடித்தவனைத் தேடும் கண் வேண்டும்.

இளைஞர்க்கும் ஒன்று சொல்வோம். உங்கள் ஊர்க் கோயில் சுவரில் உள்ள எழுத்தைப் படியுங்கள். கும்பிடுவதற்காக அன்று, கேட்பதற்காக. யார் கொடுத்தான், எதைக் கொடுத்தான், யாருடைய உழைப்பைக் கொடுத்தான், யாருக்குக் கொடுத்தான் என்று நான்கு கேள்வி கேளுங்கள். பிறகு உங்கள் கொம்யூன் அலுவலகத்துக்குப் போங்கள். அங்கேயும் அதே நான்கு கேள்வியைக் கேளுங்கள். வில்லியனூர், கவிஞரேறு வாணிதாசன் பிறந்த மண். புரட்சிக்கவிஞரின் வழியில் வந்தவர் நிமிர்ந்து பாடிய மண். அங்கே பிறந்த நாம், குனிந்து கேட்பதா?

ஊர் என்பது ஏரியும் கோயிலும் அல்ல. ஊர் என்பது மக்கள். மக்கள் அனைவரும் அமர்ந்த அவை எந்த நூற்றாண்டில் கூடுகிறதோ, அந்த நூற்றாண்டே ஊரின் பொற்காலம். அது நமக்குப் பின்னால் இல்லை. நமக்கு முன்னால் இருக்கிறது.